தையலில் முழு மதிப்பெண்

காந்திபுரத்திலிருந்து சூலூர் செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவியர் இருவர் அமர்ந்திருந்தனர்.

“தையல்ல எனக்கு முழு மார்க்கு. ஊசியில நூல் கோக்கத்தான் தெரியாது,” என்றாள் ஒருத்தி.

“ஆருக்குத்தான் தெரியும்? கிளாசுக்கே அந்த ஒரு டைலர்தான் தெச்சுக் குடுத்தாரு. பட்டத்த அவருக்கே குடுத்துப்போடலாம்,” என்று தோழி சிரித்தாள்.

“சிரிக்காத புள்ள. திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல எட்டாவது புள்ளைங்களுக்கு நான் மெசின்ல தெச்சுக் காட்டோணும்.”

அவள் தன் விரிவுரையாளரைக் கைபேசியில் அழைத்தாள். இரைச்சலில் கேட்காததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

“மேடம், எனக்குத் தைக்கத் தெரியாதுங்க. மார்க்குக்கு நான் குடுத்த சட்டை கடையில தெச்சதுங்க. நீங்க ஒருக்கா சொல்லிக் குடுப்பீங்ளா?”

விரிவுரையாளரின் குரல் என் இருக்கை வரை கேட்டது.

“நானும் படிக்கறப்போ கடையிலதான் குடுத்தேன் கண்ணு. ஆரு ஊட்டுலயாச்சும் மெசின் இருந்தாச் சொல்லு. நானும் வாரேன், ரண்டு பேரும் கத்துக்கலாம்.”

“ஆரு ஊட்டுல இருக்கும்?” என்று அவள் தோழியைக் கேட்டாள்.

என் வீட்டில் இருக்கிறது. மனைவி மறைந்த நாளிலிருந்து அதன் உறையை நான் நீக்கவில்லை. அதைச் சொல்வதற்கான வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்து முடிப்பதற்குள் அவர்கள் இறங்கிவிட்டார்கள்.