சிடியின் மேல் இருந்த எழுத்து

என் கையெழுத்து அழகாக இருக்கும் வக்கீல் சார். எங்கள் குடும்பத்தில் கைநாட்டைத் தாண்டிய முதல் ஆள் என்பதால் அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. கல்லூரியில் உங்கள் கட்சிக்காரியும் நானும் ஒரே விடுதி அறை. அவளுடைய ரெக்கார்டு நோட்டு எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

படிப்பு முடிந்ததும் அவள் பழைய கம்ப்யூட்டர் பன்னிரண்டு வாங்கி, ஒரு மாடியறையில் பயிற்சி மையம் தொடங்கினாள். இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். தையல் கம்பெனிப் பெண்களுக்கு மாலை வகுப்பு. சிஸ்டத்தை விலைக்கு விற்கும் கம்பெனியில் நான் சேர்ந்தேன். கொள்கையெல்லாம், படித்த அப்பா உள்ளவர்கள் வாங்கி வைக்கும் சாமான் என்பது என் கருத்து. அவளுக்கும் அப்படி அப்பா கிடையாது. இருந்தும் வைத்திருந்தாள்.

இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளுடைய இலவச சிஸ்டமே போதும் என்றபோது எங்கள் மேனேஜர் கோபப்படவில்லை. "நம்மளோடதைத் திருடிப் போட்டா பரவாயில்லம்மா. கை பழகிட்டா அப்புறம் எங்க போவாங்க? ஓசிலேயே நல்லாருக்குன்னு தெரிஞ்சுட்டாத்தான் நம்ம கதை முடிஞ்சுது," என்றார். அவர் காரின் பின்கண்ணாடியில் 'திருட்டை ஒழிப்போம்' என்று ஒட்டியிருக்கும். நல்ல மனிதர்.

எங்கள் சிஸ்டத்தை ஒரு சிடியில் நகல் எடுத்தேன். மேலே மார்க்கரில் சிஸ்டத்தின் பெயரும் பதிவு எண்ணும் எழுதி அவளிடம் கொண்டுபோனேன்.

"இது திருட்டு இல்லையாடி?"

"ஊரே போட்டிருக்கு, உன்னை மட்டும் வந்து புடிப்பாங்களா? இன்டர்வியூல இதைத்தான் கேக்குறாங்க. உன் வீம்புக்கு அந்தப் பொண்ணுங்க ஆயுசுக்கும் மிஷின் மிதிக்கணுமா?"

சிடியை வாங்கிக்கொண்டாள். "நீ சொல்றதுனால போடறேன்," என்றாள்.

நான் பொய் சொல்லவில்லை. இன்டர்வியூவில் அதைத்தான் கேட்கிறார்கள்.

கை பழகட்டும் என்று ஆறு மாதம் பொறுத்தேன். பிறகு போலீசுக்குப் புகார் எழுதினேன். கையால் அல்ல, டைப் அடித்து. அந்த அளவுக்கு விவரம் உண்டு.

சோதனையன்று கம்பெனி சார்பில் நானே போனேன். "உங்க எழுத்து முத்து மாதிரி இருக்கு, பறிமுதல் பட்டியலை நீங்களே எழுதிடுங்கம்மா," என்றார் ஏட்டு. எழுதினேன். கம்ப்யூட்டர் பன்னிரண்டு. கையால் பெயர் எழுதிய சிடி ஒன்று. சிடியும் பட்டியலும் மேசையில் அருகருகே கிடந்தன. அவள் இரண்டையும் பார்த்தாள்.

"உன் எழுத்து மாறவே இல்லடி," என்றாள்.

பாராட்டு என்று நினைத்து ஏட்டு சிரித்தார்.

பதினோரு நாள் உள்ளே இருந்தாள். மையத்துக்குச் சீல் வைத்தாகிவிட்டது. பெண்கள் மிஷினுக்கே திரும்பிவிட்டார்கள். பள்ளிக்கூடங்கள் இரண்டும் இப்போது எங்களிடம்தான் வாங்குகின்றன. நான் இப்போது ஏரியா மேனேஜர்.

இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்கிறீர்கள். சரிதான், இரண்டும் என் கைதான். ஆனால் அவள் உங்களிடம்கூட என் பெயரைச் சொல்லவில்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் என்ன சார்? என் மேல் தப்பு இருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?