ஷேக் பரீத் பாய் திறக்கச் சொன்ன மூடி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஜமாத்துப் பெரியவர்களே, பட்டறையைப் பூட்டிவிட்டு வேலை உடுப்போடு வந்து நிற்கிற தோழர்களே, நம்ம தெருவின் தாய்மார்களே, முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஷேக் பரீத் பாயின் மகள் அஃப்ரா கண்ணு, இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிற எல்லோருக்கும் இந்தப் பைப் கடை தம்பிதுரையின் வணக்கம். ரோஜா மாலையோடு வந்திருக்கிற பில்டர் கதிர்வேல் மாப்பிள்ளைக்கும் வணக்கமுங்க. உங்களுக்குச் சொல்ல வேண்டியது தனியாக இருக்குது. பாதியில் எழுந்து போயிராதீங்க.

நான் மேடையில் பேசிப் பழகாதவன். கவுண்டருக்குப் பின்னால் நின்று பேரம் பேசிப் பழகினவன். அதனால் அலங்காரம் இருக்காது, சரக்கு இருக்கும்.

யார் இந்த ஷேக் பரீத்? நம்ம கணபதிப் பகுதியில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தவர். நம்ம சங்கத்தின் செயலாளர். அவ்வளவுதானா? இந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலிலாவது இன்றைக்கு மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்குகிறதென்றால், அது இறங்குகிற வழி ஷேக் பரீத்! எந்த வீட்டு போர்வெல்லிலாவது சித்திரையிலும் தண்ணி வருகிறதென்றால், அது ஷேக் பரீத்!

உங்களுக்கு நினைவிருக்கும். தன் இடத்தில் விழுகிற மழையை அங்கேயே மண்ணுக்குள் இறக்கினால் சொத்து வரியில் தள்ளுபடி என்று மாநகராட்சியில் அறிவித்தார்கள். தள்ளுபடி என்றால் நாம் விடுவோமா? தெரு முழுக்கக் குழி வெட்டினோம். எங்கே வெட்டினோம்? வாஸ்து பார்த்து, ஈசானிய மூலையில்! வடகிழக்கில் குழி, அழகாக ஜல்லி, மேலே மூடி. நம்ம தெரு சரிவதோ தென்மேற்கே. மழை வந்தது. தண்ணி ஒரு வீட்டுக் குழியையும் எட்டிப் பார்க்காமல், கேட்டைத் தாண்டித் தெருவுக்கு ஓடியது. இப்படி ஒரு தப்பை நம்மைத் தவிர வேறு யாரால் இவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியும்?

தண்ணி ஓடுகிற தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில், குழி வெட்டச் சொல்லிப் பரீத் பாய் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். மாரியாத்தாள் அக்கா கதவையே மறித்துக்கொண்டார். "ஏனுங்க பாய், கன்னி மூலையில குழி வெட்டுனா குடும்பம் வெளங்குமா? நீங்க சொல்றீங்கன்னு நான் எம்பட ஊட்டக் கெடுத்துக்கறதா?"

பாய் வாதாடவில்லை. கேலி பேசவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு சொன்னார்: "ஊட்டுக்குள்ள வேண்டாங்க அம்மணி. இங்க தெருவோரமா வெட்டிப் போடலாம். தெருவுக்கு ஏதுங்க கன்னி மூலை?"

அக்கா யோசித்தார். "அப்ப ஈசானியத்துல இருக்கறது?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுங்க. சாமிக்கு அது, மழைக்கு இது."

அக்கா சிரித்துவிட்டார். ஆனால் அடுத்து ஒரு சிக்கல். குழி காம்பவுண்டுக்குள் இருந்தால்தான் தள்ளுபடி என்பது விதி. விட்டாரா பாய்? பட்டறையைப் பாதியில் போட்டுவிட்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்தார். தண்ணி எந்தப் பக்கம் ஓடுகிறதென்று அதிகாரிகளை மழைக்குள் கூட்டி வந்து, குடை பிடித்துக் காட்டினார். நாலைந்து வீடு சேர்ந்து தெருவோரம் பொதுக்குழி வெட்டினாலும் தள்ளுபடி உண்டென்று விதியை மாற்ற வைத்தார். அதோடு விதியில் இன்னொரு வாசகமும் சேர்க்க வைத்தார். தண்ணி புகுந்து பாதிக்கப்பட்ட பக்கத்துக்காரர் நேரில் வந்து கேட்டால், எந்தக் கட்டிடக்காரரும் தன் குழியைத் திறந்து காட்டியாக வேண்டும். அந்த வாசகத்தை மறந்துவிடாதீர்கள். அது பாயோடு போய்விட்டதென்று நினைத்துத்தான் இன்றைக்கு ஒருவர் மாலையோடு வந்திருக்கிறார்.

கதிர்வேல் மாப்பிள்ளை, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன்.

நம்ம தெருவுக்கு மேட்டில் நீங்கள் கட்டிய அடுக்குமாடிக்கு, மழைநீர்க் குழிகள் வைக்கிறோம் என்று சொல்லிக் கூடுதலாக ஒரு மாடிக்கு அனுமதி வாங்கினீர்கள். சலுகை சட்டப்படி உள்ளது, வாங்கினது தப்பில்லை. குழிகள் எங்கே? வளாகம் முழுக்க கான்கிரீட். அதன் மேல் வரிசையாகப் பச்சை பெயின்ட் அடித்த மூடிகள். மழை பெய்தால் உங்கள் தண்ணி மொத்தமும் எங்கள் தெருவுக்கு வருகிறது. அந்த மூடிகளுக்குக் கீழே என்ன இருக்கிறது? பாய் கேட்டது அவ்வளவுதான். "ஒண்ணே ஒண்ணத் தொறந்து காட்டுங்க, பாத்துப்போட்டுப் போயிடறேன்."

நீங்கள் சொன்ன பதிலுக்கு நான் சாட்சி. "பாய், உங்களுக்கு கிரைண்டர் பட்டறை, அதப் பாருங்க. எங்க காம்பவுண்டுக்குள்ள பேயற மழை எங்களுது."

பாய் என்ன சொன்னார்? "பேயறது உங்களுதுதானுங்க. வந்து நிக்கறது எங்களுதா இருக்குதே!"

அன்றே மனுக் கொடுத்தார். அதிகாரி வருகிற நாளும் குறித்தாயிற்று. அதற்குள் அந்தப் பெருமழை.

பட்டப்பகல். பட்டறைக்குள் முழங்கால் தண்ணி. மோட்டார்களை மேசை மேல் ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. எங்கே வந்தது? உங்கள் கேட்டுக்கு முன்னால், உங்கள் தண்ணி ஆறாகக் கொட்டுகிற இடத்தில் வந்து நின்றுவிட்டது. கிரைண்டர் கல் ஏற்றுகிற தள்ளுவண்டியில் அவரைப் படுக்க வைத்து, இடுப்பளவு தண்ணியில் தள்ளிக்கொண்டு போனோம். வண்டியில் ஏறி உட்கார்ந்த என் மடியில்தான் தலை இருந்தது. "அண்ணா, தண்ணி எறங்கிருச்சா?" என்று கேட்டார். இறங்கிருச்சுங்க பாய் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்றார்கள். அந்தக் கொஞ்சத்தை எடுத்தது யார்?

அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தீர்கள். "மழைநீர்க் காவலர்" என்று போட்டு, அவர் படத்தைவிடப் பெரிதாக உங்கள் படம்! நினைவு வளைவு கட்டித் தருகிறேன் என்று சங்கத்துக்கு ஆள் அனுப்பினீர்கள். வேண்டாமுங்க. அதற்கும் கான்கிரீட்தான் போடுவீர்கள்.

உறவு முறையில் நீங்கள் எனக்கு மாப்பிள்ளை. என் கடைக்குப் பெரிய வாடிக்கை. இந்த மைக்கில் சொல்கிறேன்: இன்றிலிருந்து என் கடையில் உங்களுக்கு பைப் வளைவுக்குப் போடுகிற ஒரு எல்போகூடக் கிடையாது. பெருந்துறை வரைக்கும் எனக்குப் பழக்கமான கடைகளிலும் பேசிவிட்டேன். கோபமா என்றால், ஆமாம், கோபம்தான். பழியா என்றால், ஆமாம், பழிதான். ஆனால் உங்கள் மேல் கை வைக்க மாட்டோம். அடி வாங்கினால் உங்களுக்கு அனுதாபம் கிடைக்கும். அதை நாங்கள் கொடுப்பதாக இல்லை. குழி இல்லையென்றால் அந்த மாடிக்கு அனுமதியும் இல்லை. அதைத்தான் எடுக்கப்போகிறோம்.

நீங்கள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. மனுக் கொடுத்தவர் போய்விட்டார். அவர் மனைவி ஆமினா பீவி அம்மா இத்தாவில் இருக்கிறார், அந்தத் துக்கக் காலம் முடிகிறவரை வீட்டை விட்டு வெளியே வர மாட்டார். நேரில் நின்று கேட்க ஆளில்லை. மனுவைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அந்த நிம்மதியோடு மாலை வாங்கி வந்தீர்கள், இல்லையா?

அன்பான பெருமக்களே, ஷேக் பரீத் பாயின் வேலை நிற்காது. இந்தத் தெருவில் ஒவ்வொரு பொதுக்குழியையும் மழைக்கு முன்னால் நாமே தூர் வாருவோம். மேட்டில் எவன் மூடியை மட்டும் வைத்து மாடி வாங்கினாலும், போய்த் திறக்கச் சொல்லுவோம். இது இந்தச் சபையில் நான் கொடுக்கிற வாக்கு. கைதட்ட வேண்டாம், வந்து நில்லுங்கள். வருகிற வியாழக்கிழமை காலை அதிகாரி வருகிறார், ஆம், அதே அடுக்குமாடிக்குத்தான். புது மனு போய்ச் சேர்ந்துவிட்டது. பட்டறையின் இன்றைய உரிமையாளர், தண்ணியில் தகப்பனைக் கொடுத்த பக்கத்துக்காரர், அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

உட்காருங்க மாப்பிள்ளை, உட்காருங்க. என் பேச்சு முடிந்தது.

மனுதாரர் அஃப்ரா இப்போது பேசுவார்.