சத்தம் வராத பட்டன்

— அதெல்லாம் சரிங்க. உங்க கடையில இருக்கிற இ-புக் ரீடர்ல ஒரு கையால பிடிச்சுப் படிக்க முடியறது எது?

— வர்றவங்க எல்லாம் முதல்ல விலையைக் கேப்பாங்க. எத்தனை புத்தகம் கொள்ளும்னு கேப்பாங்க. நீ கையைக் கேக்கற.

— எத்தனை இருந்தா என்ன, ஒரு நேரத்துல ஒண்ணுதானே படிப்பேன். பக்கம் திருப்ப ஓரத்துல பட்டன் இருக்கணும்.

— இருக்கு. அழுத்தினா லேசா டிக்குனு கேக்கும்.

— சத்தம் வரக் கூடாது.

— யாருக்குக் கேக்கக் கூடாது?

— அட, பொதுவா சொன்னேன். வெளிச்சம் நல்லாக் குறையுமா? பக்கத்துல தூங்கறவங்க முகத்துல அடிக்கக் கூடாது.

— பக்கத்துல தூங்கறது நான்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து லைட்டைப் போட்டுக்கிட்டு தலகாணி மொத்தத்துல கதைப் புத்தகம் படிச்சவ நீ. இப்ப என் தூக்கத்து மேல என்ன திடீர் அக்கறை?

— இருக்கக் கூடாதா?

— இருக்கலாம். சும்மா கேக்கறேன், செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்க போன? எங்க கேஷியர் உன்னைப் பாலத்துக்கிட்ட பஸ்ல பார்த்திருக்காரு. ஆபீஸ்ல இருந்தேன்னு சொன்னியே.

— அவரைக் கண்ணாடி மாத்தச் சொல்லுங்க.

— போனைக் கவுத்து வைக்கற. நான் உள்ள வந்தா பேச்சை நிறுத்தற. இப்ப இருட்டுல, சத்தமில்லாம, வெளிச்சம் தெரியாம படிக்க ஒரு மெஷின் கேக்கற. அதுல மெசேஜ் வருமான்னுதான் இன்னும் கேக்கல.

— வருமா?

— வராது. புத்தகம் மட்டும்தான்.

— அதுதான் நல்லது. போனை எடுத்தா மனசு எங்கேயோ போயிடுது.

— சும்மா கேக்கறேன். சண்டை போட வரல. யாரு அது?

— உக்காருங்க.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு.

— முன்னாடி ரெண்டு தடவையும் நாள் தள்ளினதுமே உங்ககிட்ட சொல்லிட்டேன். நீங்க பேர் கூட யோசிச்சு வெச்சீங்க. அப்புறம் மொட்டை மாடியில தனியா நின்னு அழுதீங்க. படியில நின்னு பார்த்தேன். இன்னொரு தடவை அதைப் பார்க்கத் தெம்பு இல்லைங்க. அதான் வாயைத் திறக்கல.

— என்ன சொல்ற நீ?

— செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அதோட நெஞ்சு துடிக்கிற சத்தத்தைக் கேக்க வெச்சாங்க. நல்லாவே துடிக்குதுங்க. அது என் ஒரு கையில தூங்கறப்ப எழுப்பாம படிக்கத்தான் அந்த மெஷினைக் கேட்டேன்.