எஃப்ரென் வீட்டுக்கு வந்த இரவு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு எரியட்டும்... இதை இருட்டில் சொல்ல எனக்கே தைரியம் போதாது.

இரவு ஒரு மணி இருக்கும். டார்லாக் மாகாணத்தில் கரும்புக் காட்டுக்கு நடுவே போகிற சாலை. டிரைசைக்கிளை ஓட்டி வந்தவன் என் நண்பன் டோட்டோய். மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பக்கப் பெட்டியில் அவன் அண்ணி நெரிஸா. அவள் புருஷன் எஃப்ரென் ஊருக்குள் சவப்பெட்டியில் கிடக்கிறான். அவன் செத்ததிலிருந்து கண் மூடாதவளை, கொஞ்ச நேரமாவது படுத்துவிட்டு வா என்று பெரியவர்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

இழவுக்குப் போனவர்கள் நேரே வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வழியில் எங்காவது இறங்கி, ஒரு வாய் எதையாவது சாப்பிட்டு, ஒட்டி வந்த ஆவியை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். காடு தொடங்கும் இடத்தில் ஒரு கஞ்சிக் கடை. டோட்டோய் வண்டியை நிறுத்தினான்.

"இறங்குங்க அண்ணி. ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போலாம்."

"வேணாம். வண்டிய எடு."

"விளையாடாதீங்க. கூடவே வந்துரும்."

"வரட்டுமே. வேற யாரு, உங்க அண்ணன்தானே? உசுரோட இருந்தப்பதான் வீடு தங்கல... இன்னிக்காவது வரட்டும்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எஃப்ரெனுக்கு வேலை அந்தச் சாலை முடிவில் இருந்த இரவு பகலாகக் கணினிகள் ஓடும் கிடங்கில். தினமும் ராத்திரி ஏதாவது ஒரு இயந்திரம் படுத்துக்கொள்ளும். இவனுக்குப் போன் வரும். எழுந்து போவான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு முழு இரவு அவன் பக்கத்தில் தூங்கியதாக அவளுக்கு நினைவில்லை. அதற்காகவே அவன் அந்த மென்பொருள் ஏவலாட்களை எழுதினான். கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எல்லா இயந்திரத்துக்கும் நாடி பார்க்கும். ஒன்று நோவைக் கண்டுபிடிக்கும். ஒன்று செத்ததை எழுப்பும். கிடங்கு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

"இது மட்டும் ஓடிருச்சுன்னா, ராத்திரியெல்லாம் நான் உன் பக்கத்துலதான்டி," என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஓடவும் செய்தது. ஆனால் அவற்றாலும் முடியாத நேரத்துக்கு, கூப்பிட வேண்டிய கடைசி ஆளாகத் தன் பெயரையே சேர்த்துவைத்தான், பாவி. தூக்கத்தில் விட்டுவிடுவோமோ என்று பயந்து, வந்து சேரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இரு என்றும் அவற்றுக்குச் சொல்லிவைத்தான். அப்படி ஒரு அழைப்புக்கு மோட்டார் சைக்கிளில் போனபோதுதான் கரும்பு வளைவில் அவனை லாரி அடித்தது.

கஞ்சிக் கடையில் இறங்காமலே வீடு வந்து சேர்ந்தார்கள். டோட்டோய் வாசலில் வண்டியிலேயே சாய்ந்துகொண்டான். நெரிஸா கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்தாள், மறுபாதியை விட்டுவிட்டு.

கொஞ்ச நேரம் தவளைச் சத்தம்... பிறகு அதுவும் நின்றது.

மறுபாதி மெத்தை அமுங்கியது. மெதுவாக... அவளை எழுப்பிவிடக் கூடாதே என்று படுப்பதுபோல. கிடங்கின் குளிரூட்டிய அறையின் வறண்ட வாடை. அதோடு, அவன் கழுத்தில் தேய்த்துக்கொள்ளும் தைல வாசம்.

அவளுக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. திரும்பினால் போய்விடுவானோ என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "தூங்குங்க. இன்னிக்கு உங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க."

மேசைமேல் அவன் கைபேசி அடித்தது.

இழவுக்கு மலர்வளையம் அனுப்பத் தெரிந்த அலுவலகத்துக்கு, செத்தவன் பெயரை எடுத்துவிடத் தோன்றவில்லை. அவள் கை நீட்டுவதற்குள் மணி நின்றது... யாரோ எடுத்ததுபோல. ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் பேசியது.

"ஓர் இயந்திரம் எழவில்லை, எஃப்ரென். நீங்கள் வந்து சேரும்வரை கூப்பிடுவோம்."

கட்டில் கிறீச்சிட்டது. போர்வை அவள் தோள்வரை இழுத்துவிடப்பட்டது. ஒவ்வொரு முறை எழுந்து போகும்போதும் அவன் செய்வது அது. தரையில் காலடி... தாழ்ப்பாள்... வெளியே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும் சத்தம். அந்த வண்டி நசுங்கிப்போய்க் காவல் நிலைய வாசலில் கிடக்கிறது. டோட்டோய் கண்ணால் பார்த்திருக்கிறான்.

நெரிஸா வெறுங்காலோடு சாலைக்கு ஓடினாள்.

"வளைவுல மெதுவாப் போங்க! லாரி வரும்ங்க... பாத்துப் போங்க!"

டோட்டோய் அவளைப் பிடித்துக்கொண்டான். சாலையில் வண்டியும் இல்லை, வெளிச்சமும் இல்லை. சத்தம் மட்டும் கரும்புக்குள் போய்க்கொண்டிருந்தது. வளைவு வரைக்கும் போனது... அங்கே நின்றுவிட்டது.

டோட்டோய் அவளை வாசலுக்கு அழைத்து வந்தான்.

வீட்டுக்குள் கைபேசி மறுபடி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "ஓர் இயந்திரம் எழவில்லை, எஃப்ரென்..."

உள்ளே, கட்டில் கிறீச்சிட்டது.