நல்ல நாளுக்கு எடுத்துவைத்த பூட்ஸ்

நீங்கள் பூட்ஸை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைக்கிறீர்கள். உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். முனையில் தோல் வரிவரியாகச் சுருங்கியிருக்கிறது, கணுக்கால் மடியும் இடத்தில் வெளுத்திருக்கிறது. குறை சொல்வதாக நினைக்காதீர்கள். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, காற்றாட ஒரு மூலையில் விட்டுவிட்டால் தானாகக் காய்ந்துவிடும். போலீஸ் வேலையில் அதற்கெல்லாம் பொறுமை இருக்காது என்பது எனக்கும் தெரியும்.

யூஸ்டைனின் பூட்ஸைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இப்போது இல்லை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். காபி ஆறுவதற்குள் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளத்தாக்கில் மலை ஏறுகிறவர்கள் எல்லாருடைய காலும் எனக்குத் தெரியும். முகம் மறந்தாலும் கால் மறக்காது. ஆஸ்லோவிலிருந்து வருகிறவர்கள் காலையில் என் பூட்ஸ் கடை திறந்ததும் வந்து நிற்பார்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஊரைச் சுற்றிவிட்டுப் பிற்பகலில் வாருங்கள், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் மலையில் உங்களுக்கு இருக்கப்போகும் கால் என்பேன். பிறகு கனமான கம்பளிக் காலுறை கொடுத்து, விரல்களை முன்னுக்குத் தள்ளச் சொல்லி, குதிகாலுக்குப் பின்னால் என் விரல் ஒன்று நுழைகிறதா என்று பார்ப்பேன். கடைக்குள் சரிவாக ஒரு பலகை போட்டிருக்கிறேன். அதில் ஏறச் சொல்ல மாட்டேன், இறங்கச் சொல்வேன். பொருந்தாத பூட்ஸ் இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதோடு, வாங்கியதைப் போட்டுக்கொண்டு நேராக மலைக்குப் போகாதீர்கள், முதலில் வீட்டுக்குள், பிறகு ஊருக்குள், அப்புறம்தான் மலை என்று எல்லாரிடமும் சொல்வேன். அதைச் சொல்லாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை. ஒருவனைத் தவிர.

யூஸ்டைனும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவன் நகராட்சியில் பனியள்ளும் வண்டி ஓட்டினான். கையைத் திறந்து செலவழிக்கத் தெரியாத ஆள். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு முறை என் கடையின் மிக உயர்ந்த ஜோடியை வாங்கினான். தடித்த முழுத் தோல், உள்ளேயும் தோல், விளிம்பைச் சுற்றி இரட்டைத் தையல். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கம் விழுந்து, எடுத்ததும் மறைந்துவிடும். அப்படி ஒரு தோல். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியோடு நிலவறையில் வைத்துவிட்டான். ஓய்வு பெற்ற பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று, ஒட்டுப்போட்ட பழைய ஜோடியிலேயே ஆண்டுக்கணக்கில் காலத்தை ஓட்டினான். இங்கே பாதிப் பேர் அப்படித்தான், நல்லதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கிழிந்ததை மாட்டிக்கொண்டு திரிவார்கள்.

"டேய், போடுறதுக்குத்தான்டா பூட்ஸு. பொட்டிக்குள்ளயே வச்சிருந்தா செத்துரும்" என்று அவனிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"செத்தா அடக்கம் பண்ணிக்கலாம் விடு. உன் கடைக்கு நான் ரெண்டாவது ஜோடி வாங்க வரணும், அதானே உன் கவலை" என்பான்.

நான் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. தோலுக்கும் அடியில் இருக்கும் ரப்பருக்கும் நடுவில் மெத்தைபோல ஒரு அடுக்கு இருக்கிறது. கால் நோகாமல் இருப்பது அதனால்தான். தோலைக் கவனித்துக்கொண்டால் பேரன் காலம்வரை வரும். அந்த அடுக்கு வராது. போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு வயதாகும், போடாமல் ஈரமான நிலவறையில் மூடிவைத்தால் இன்னும் சீக்கிரம் உளுத்துப்போகும். கடைசியில் காபியில் நனைத்த ரஸ்க் மாதிரி ஆகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. தோல் பளபளவென்று அப்படியே இருக்கும்.

இப்போது கரடிமுதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் அந்த முகட்டில் நடந்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, கீழே ஏரி மட்டும். அங்கே போகிறவர்களுக்கு வாழ்நாளெல்லாம் பூட்ஸ் விற்றிருக்கிறேன், எந்தக் கல்லில் எப்படிக் கால் வைப்பது என்று பாடமும் எடுத்திருக்கிறேன். ஆனால் நான் அங்கே போனதே கிடையாது. முழங்கால் வலி என்பேன், கடையை யார் பார்ப்பது என்பேன். ஒரு கோடையில் யூஸ்டைன் விடவில்லை, இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

முகட்டின் நடுவில் என் கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்தேன், பிறகு நாலு காலில் தவழ்ந்தேன், பிறகு அதுவும் முடியாமல் கல்லைக் கட்டிக்கொண்டு அழுதேன். கால்சட்டை நனைந்துவிட்டது. யூஸ்டைன் திரும்பி வந்து எனக்குக் கீழே மண்டியிட்டான். என் பூட்ஸைக் கையால் பிடித்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தான்.

"இந்தக் கால இங்க வை. நீயே வித்த பூட்ஸுதான், வழுக்காது. வழுக்குச்சுன்னா காசத் திருப்பித் தரமாட்டியா என்ன? ம், அடுத்த காலு. என் மூஞ்சியப் பாரு, கீழ பாக்காத. அசிங்கமான மூஞ்சிதான், என்ன பண்றது, வேற இல்ல."

அடிவாரம் வரைக்கும் இப்படியே பேசிக்கொண்டு வந்தான். ஓடையில் நான் கால்சட்டையை அலசியபோது முதுகைக் காட்டி நின்றான். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான்" என்றான். அன்று அவன் இல்லாவிட்டால் நான் உயிரோடு திரும்பியிருக்க மாட்டேன். இதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அடுத்த வாரம் கடையில் நாலைந்து பேர் இருக்கும்போது உள்ளே நுழைந்து, "என்னடா நாலுகாலு, யாவாரம் எப்படிப் போகுது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரொட்டிக் கடையில் நாலுகால், தேவாலயத்தில் நாலுகால். வாக்குக் கொடுத்தவனே மானத்தைக் கப்பலேற்றிவிட்டானே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் நனைந்த கால்சட்டையைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். வாடிக்கையாளருக்கு முன்னால் குனிந்து நாடா கட்டும்போதுகூடக் காது சுடும். ஏன் சிரிக்கிறீர்கள் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

யூஸ்டைன் இந்த வசந்தத்தில் ஓய்வு பெற்றான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"பாரு, பொறந்த கொழந்த மாதிரி இருக்கு. மகளைக் கூட்டிக்கிட்டு கரடிமுதுகுக்குப் போறேன். போட்டுக்கலாமான்னு ஒருவாட்டி பாத்துக் குடு. நாலுகால் கதைய அந்த எடத்துலயே நின்னு, எந்தக் கல்லுன்னு காட்டி அவளுக்குச் சொல்லணும்டா. அங்க வச்சுச் சொன்னாத்தான் அதுக்கு ருசி."

அவன் மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். இனிமேல் பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பூட்ஸைக் கையில் வாங்கி, அந்த மெத்தை அடுக்கைப் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று, போன இடம் மேலே எழும்பவில்லை. விளிம்பை ஒட்டி முடி அளவுக்கு விரிசல்கள் இருந்தன. இதைப் போட்டுக்கொண்டு கல்லில் நடக்க முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ச்சொல் போதும். புது அடி போட்டுத் தருகிறேன், ஒரு வாரம் பொறு என்று சொல்லியிருக்கலாம். அவன் திட்டிவிட்டுப் பொறுத்திருப்பான்.

"நாளைக்கு வா. தோல கொஞ்சம் கவனிச்சுத் தரேன்" என்றேன்.

அந்த வேலையை நான் அக்கறையாகத்தான் செய்தேன். நாடாவைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஈரத்துணியால் துடைத்தேன். மெழுகைத் துணியால் தேய்க்கக் கூடாது, வெறும் விரலால் தேய்க்க வேண்டும், கைச்சூட்டில்தான் அது தோலுக்குள் இறங்கும். தையல் ஓரங்களில் சற்று அதிகம், கணுக்காலில் குறைவு, அங்கே அதிகம் போட்டால் தோல் தொய்ந்துவிடும். கடைசியாகக் கறுப்பு மெழுகை உருக்கி அந்த விரிசல்களை அடைத்தேன். துடைத்து எடுத்தபோது எனக்கே அவை எங்கே இருந்தன என்று தெரியவில்லை.

மறுநாள் யூஸ்டைன் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பொண்டாட்டிகூட என்னை இப்படிக் கவனிச்சதில்லடா" என்றான்.

"வீட்டுக்குள்ளகூடப் போட்டுப் பாக்காத. தோலு இப்பதான் மெழுகு குடிச்சிருக்கு, நேரா மலைக்கே போட்டுக்கோ" என்றேன். பழைய ஜோடியைத் தைத்து வைக்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். இல்லாவிட்டால் கைக்காவலாகப் பையில் எடுத்துப்போயிருப்பான்.

பூட்ஸின் அடி, வண்டி நிறுத்துமிடத்திலேயே கழன்றுவிடும், அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். போன முறை வந்த உங்கள் ஆளிடம் அப்படித்தான் சொன்னேன். பலருக்கு அப்படித்தான் ஆகிறது, அதனால் அவரும் நம்பினார். ஆனால் அது பொய். எந்த வழியாகப் போகிறாய் என்று யூஸ்டைனிடம் கேட்டேன். கல் பாதை என்றான். வேண்டாம், படகில் ஏரியைத் தாண்டிப் புல்வெளி வழியாக ஏறு, ரொம்ப நாள் போடாத பூட்ஸுக்கு மெத்தென்ற தரை நல்லது என்றேன். மெத்தென்ற தரையில் அந்த அடி முகடு வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

முகட்டின் குறுகலான இடத்தில் வலது பூட்ஸின் அடி கல்லோடு ஒட்டி நின்றுவிட்டது. அவன் நிற்கவில்லை. மகள் பின்னால் வந்துகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு ஜெர்மன் தம்பதிக்குக் காலுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் கடைக்கு மேலாகப் போயிற்று. அவர்கள் என்னவென்று கேட்டார்கள். மலையில் யாருக்காவது கால் பிசகியிருக்கும் என்றேன்.

அடக்கம் முடிந்து எல்லாரும் தேவாலயத்தின் கூடத்தில் காபியும் ரொட்டியுமாக நின்றிருந்தபோது, யூஸ்டைனின் மனைவி போர்ஹில்ட் என்னிடம் வந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அஸ்கெய்ர், அன்னைக்கு மாதிரி நீ கூட இருந்திருந்தா இவர் இப்படிப் போயிருக்க மாட்டாரு."

எனக்குப் புரியவில்லை. "என்னைக்கு?" என்றேன்.

"என்ன தெரியாத மாதிரி கேக்கறே? கரடிமுதுகுல இவர் பயந்துபோய்த் தவழ்ந்தாராமே. கால்சட்டையெல்லாம் நனைஞ்சு, கொழந்த மாதிரி அழுதாராமே. நீதான கீழ மண்டி போட்டு, காலப் புடிச்சு அடி அடியா எறக்குனே. மலையாடு மாதிரி நாலு காலுடா அவனுக்குன்னு ஊர் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே. அதானே உனக்கு அந்தப் பேரு. எந்தக் கல்லுல நீ அவரக் காப்பாத்துனேன்னு மகளுக்குக் காட்டத்தான் போனாரு."

அவளுக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். மரியாதையாகத்தான் பார்த்தார்கள். இத்தனை காலமும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். மலை பூட்ஸ் விற்கிறவன் மலையைக் கண்டு பயந்தான் என்று தெரிந்தால் என் பிழைப்புப் போய்விடும் என்று யூஸ்டைன் நினைத்திருக்கிறான். என் அசிங்கத்தை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதை எனக்குச் சொல்லாமலேயே இருந்திருக்கிறான். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. அந்த இடத்திலேயே அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட வாயைத் திறந்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையிலிருந்த ரொட்டியைக் கடித்தேன்.

வீட்டுக்குள்கூடப் போடாதே என்று நான் யூஸ்டைனிடம் சொன்னதை அவள்தான் உங்களிடம் சொல்லியிருப்பாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டாள். நான் எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக் கொடுத்தேன் என்று காட்டச் சொல்லியிருப்பாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அடி உளுத்துவிட்டது என்று தெரிந்தே கொடுத்தேன். விரிசலை மறைத்தேன். வழியையும் நானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அவன் விழ வேண்டும் என்றுதான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன், வக்கீல் வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இல்லை, போர்ஹில்ட்டுக்காக. புருஷனைப் பறிகொடுத்தவள், அவன் இத்தனை காலம் தன்னிடம் பொய் சொன்னான் என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டாம். ஏதோ பழைய பகை என்று எழுதிவிடுங்கள். கரடிமுதுகைப் பற்றி எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், அன்று தவழ்ந்தது யூஸ்டைன் என்றே இருக்கட்டும்.