பாவு பிடிக்க யாரும் வராத காலை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது, சார். வகுப்பில் கடைசி பெஞ்சைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். கால் ஆடுவது யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். இந்த ஆளுமை வளர்ச்சி மாலை வகுப்பில் சேர்ந்ததே அந்த நேரத்தை எதிலாவது கட்டிப்போடத்தான்.

எண்பத்திரண்டில், முதல் நாள் பாடத்தில், தொழிலில் ஒரு பெரிய இலக்கு, தனி வாழ்வில் ஒரு பெரிய இலக்கு வையுங்கள் என்றீர்கள். நடுவில் எது நிற்கிறது என்று நேர்மையாகப் பாருங்கள் என்றும் சொன்னீர்கள். அடைந்த இலக்கைப் பற்றி இப்போது எழுதித் தரச் சொன்னீர்கள், எல்லோரும் தந்துவிட்டார்கள். என்னுடையதுதான் தாமதம். முறையாக எழுதத்தான் பார்த்தேன். எங்கே தொடங்குவது என்பதே பிடிபடவில்லை.

நான் வீரபாகு முதலாளியிடம் பட்டு எடை போடுகிறவன். நெசவாளர்களுக்குப் பட்டை நிறுத்துக் கொடுப்பதும், நெய்து வரும் புடவையை நிறுத்து வாங்குவதும் என் வேலை. அந்த ஆண்டு அவர் பெரிய டிசைன்கள் நெய்யும் ஜக்கார்டு தறிகளுக்கென்று தனியாக ஒரு கூடம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பொறுப்பாளனாவது என் தொழில் இலக்கு. தனி வாழ்வில், பொய் சொல்லாமல் இருப்பது. சிறுவயதிலிருந்தே பயத்தில் பொய் சொல்லிப் பழகியவன் நான். அதை விட்டால்தான் ஆளாக முடியும் என்று தோன்றியது.

நடுவில் நின்றது லோகநாதன். எங்கள் தெருக்காரர், என்னைவிட மூத்தவர். புது டிசைனைத் தறியில் ஏற்றுவதற்கு அவரைப் போல் ஆள் இல்லை. முதலாளி கூடத்துக்கு அவரைத்தான் மனதில் வைத்திருந்தார். அதில் தவறு சொல்ல முடியாது. நான் முதலாளியாக இருந்தாலும் அவரைத்தான் வைத்திருப்பேன்.

முதலாளியின் நம்பிக்கையைச் சம்பாதிப்பது முதல் படி என்று முடிவு செய்தேன். சில வீடுகளில் கொஞ்சம் பட்டை எடுத்து வைத்துக்கொண்டு, புடவையில் ஈரம் ஏற்றி எடையைச் சரிக்கட்டுவார்கள். தெருவுக்கே தெரியும். கூலி போதாத மாதங்களில் அப்படித்தான் அடுப்பு எரியும். யார் யார் என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். என் பெயரை வெளியே விடமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அடுத்த வாரமே அந்த வீடுகளுக்குப் பட்டு நின்றது.

பூங்காவனம் அக்கா வீடும் அதில் ஒன்று. அவர் என்னைத் தெருமுனையில் மடக்கினார்.

"ஜெயவேலு, தராசாண்டயே குந்திகினு கீறியே, யாருடா எங்கள மாட்டி வுட்டது?"

"எனக்கு எதுக்குக்கா அந்தப் பேஜாரு?"

"சொல்றா. எங்க வூட்டுக்காரரு காலைல இருந்து வெறுந்தறிய பாத்துகினே குந்திகினு கீறாரு. தறி என்ன சினிமாவா?"

"லோகநாதன் அண்ணன் போன வாரம் மொதலாளியாண்ட கதவ சாத்திகினு பேசிகினு இருந்தாரு. என்ன பேசுனாருன்னு நான் கேக்கலக்கா."

அவர்கள் பேசியது கூடத்தைப் பற்றி. அது எனக்கு முன்பே தெரியும். ஆகையால் கேட்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

எங்கள் தெருவில் பாவு போடும் முறை வெளியூர்க்காரரான உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெயில் ஏறுமுன் தறிக்குப் போகவேண்டிய நீள இழைகளை எல்லாம் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளிப்பார்கள். கஞ்சி காய்வதற்குள் இழைகளைப் பிரித்துவிட வேண்டும், அறுந்ததைப் பிணைக்க வேண்டும். ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமில்லை. அதனால் யார் வீட்டுப் பாவானாலும் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நிற்பார். கூப்பிடுவது கிடையாது, கூலியும் கிடையாது. பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூட வந்து, பேசாமல் பிடித்துவிட்டுப் போவார்கள்.

லோகநாதன் பாவு நீட்டிய காலையில் ஒரு கதவும் திறக்கவில்லை. எப்போதும் வருகிறவர்கள்தானே என்று அவரும் தெய்வநாயகி அண்ணியும் கஞ்சியைத் தெளித்துவிட்டிருந்தார்கள். நான் சைக்கிளில் வந்தபோது அவர் பூங்காவனம் அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா, கஞ்சி போட்டாச்சு. கொஞ்சம் வாங்க."

"எங்களுக்குத்தான் பட்டே இல்லியே, பாவு புடிக்கறது மறந்து பூட்ச்சுப்பா" என்றது உள்ளிருந்து குரல். "உங்க மொதலாளிய கூப்புடு. காரு போட்டுகினு வந்து புடிப்பாரு."

அண்ணி என்னைப் பார்த்துவிட்டார். "தம்பி, அந்த முனைய மட்டும் புடிங்க."

சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றேன். "மொதலாளி ஜல்தியா வரச் சொன்னாரு அண்ணி" என்றேன். முதலாளி தினமும் அப்படித்தான் சொல்வார். ஆனால் நான் அவர் கடைக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் போனேன். தேவிகாபுரம் பஸ் போனது, பெரணமல்லூர் பஸ் போனது. வாங்கிய டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் தெருமுனைக்குத் திரும்பி வந்தேன். வெயில் ஏறியிருந்தது. பட்டு ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துப்போயிருந்தது. லோகநாதன் மண்டியிட்டு நகத்தால் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரித்தது பிரித்த இடத்திலேயே அறுந்தது. அண்ணி பின்னாலேயே பிணைத்துக்கொண்டு வந்தார். கொஞ்ச நேரத்தில் அண்ணி பிணைப்பதை நிறுத்திவிட்டார்.

வீணானது முதலாளியின் பட்டு. "ஒரு பாவைக் காப்பாத்தத் தெரியாதவன் கையில கூடத்த எப்படிக் குடுக்கறது?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

சில நாள் கழித்து, வகுப்புக்குக் கிளம்பும்போது லோகநாதன் என் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், நீ எடை போடறவன். யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு உனக்குத் தெரியாம இருக்காது. நான் இல்லன்னு தெருவுல ஒரு வார்த்தை சொல்லுடா. கொழாயாண்ட கூட உங்க அண்ணியாண்ட யாரும் பேச மாட்டேங்கறாங்க."

"கிளாசுக்கு நேரமாவுதுண்ணே. நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கின்னா நாளைக்கி. சொல்லுவ இல்ல?"

"பாக்கறேண்ணே."

கைப்பிடியை விட்டுவிட்டார். சரியான நேரத்துக்கு வருகிறவன் என்று அன்று நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள். மறுநாள் காலையில் ஊருக்கு வெளியே ஒரு கிணற்றிலிருந்து அவரை எடுத்தார்கள்.

சாவுக்குத் தெருவே வந்தது. பாடை தூக்க ஆளுக்குக் குறைவில்லை. நானும் தோள் கொடுத்தேன். திரும்பும் வழியிலேயே முதலாளி என்னிடம் கூடத்தைப் பற்றிப் பேசினார்.

லோகநாதனைக் கொன்றேன் என்று எழுதிப் பார்த்தேன், சார். அதிகமாகப் பட்டது, அடித்துவிட்டேன். பிறகு திரும்பவும் எழுதினேன். அவர் சாக வேண்டும் என்பது என் இலக்காக இருந்ததில்லை. அவர் இடம் காலியாக வேண்டும் என்பது இருந்தது. தெரு அவரைக் கைவிட்டால் அது நடக்கும் என்று தெரிந்துதான் அக்காவிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். தெரிந்துதான் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். அதுவும் அன்று மாலையே எனக்குத் தெரியும்.

தெய்வநாயகி அண்ணி இப்போது என் கூடத்தில் குறுக்கிழை நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றுகிறார். நானே கூப்பிட்டு வேலை கொடுத்தேன். "அன்னைக்கி தெருவுல நின்னு பதில் சொன்னது நீங்க ஒருத்தர்தான் தம்பி" என்று போன வாரம் சொன்னார். அவர் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முன்பெல்லாம் யாரையும் அப்படிப் பார்க்க எனக்கு வராது. இதையும் வளர்ச்சியில் சேர்க்கலாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். தீபாவளி ஆர்டர் போய்ச் சேரும்வரை இதை அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் நின்றுவிட்டால் அத்தனை தறிக்கும் தார் சுற்ற வேறு ஆள் இல்லை. பிறகு நானே சொல்லிவிடுவேன். அடுத்த ஆண்டுக்கான இலக்குகளில் எழுதிவிட்டேன், ஆங்கிலம் பேசப் பழகுவதற்கு அடுத்ததாக.