ஒரு மாதமாக நிறுத்திய மாத்திரை

சித்திரை வெயிலில் காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸ் போகும் பஸ். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவளுக்கு முகம் ஊதியிருந்தது. முந்தானையால் தோளை இறுக்கிப் போர்த்தியிருந்தாள்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போறதுக்காகவே ஒரு மாசமா தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டேன்க்கா.”

துணைக்கு வந்தவள் திரும்பிப் பார்த்தாள். “பைத்தியமாம்மா உனக்கு?”

“அதைத் தின்னுட்டு நல்லா நடந்து போனா, ‘உனக்குத்தான் சரியாயிடுச்சே, இனிமே வேணாம்’னு அனுப்பிடறாங்க. ரெண்டு வாட்டி ஆயிடுச்சு. நிறுத்தினா, தறிக்குத் தார்க்குச்சியில நூல் சுத்திக்கினு இருக்கும்போதே தூங்கிடறேன். வீட்ல சோம்பேறின்றாங்க. இந்த தபா டாக்டரு என்னை இப்படியே பாக்கட்டும்.”

“நம்மூரு டாக்டராண்ட காட்டறதுதானே?”

“அவரு ரத்தம் கம்மின்னு டானிக் எழுதறாரு.”

“சரி, இன்னிக்கு அங்க வேற டாக்டரு இருந்தா?”

இளையவள் முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அவருக்கும் கண்ணு இருக்கும்ல” என்றாள். பிறகு, “அக்கா, குளுருது. ஜன்னலை மூடேன்.”

பஸ்ஸே வெந்துகொண்டிருந்தது. அக்காவின் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் எழுந்து ஷட்டரை இறக்கிவிட்டாள்.